செல்பேசி 22 டிகிரி காட்டுகிறது, படித்தளம் வெட்டலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் சரிவு நிலம். சரிவோடு டேப் பிடித்தால் 13 மீட்டர். டியூப் லெவல் வைத்துப் பார்த்ததில் அவ்வளவு தூரத்துக்கு 5 மீட்டர் இறக்கம். செல்பேசி 22 டிகிரி என்கிறது. 33-க்குள் இருந்தால் படித்தளம் வெட்டலாமாமே, கேரட் போட வெட்டட்டுமா?

பதில்: வெட்டாதீர்கள். 33 என்று கேள்விப்பட்டது சரிதான்; ஆனால் அது சதவீதம். செல்பேசி சொல்வது டிகிரி. மலையில் பலர் இடறும் இடம் இதுதான்.

உங்கள் சரிவு ஒரு செங்கோண முக்கோணம். கர்ணம் 13, இறக்கம் 5. 169-இல் 25 போனால் 144. அதன் வர்க்கமூலம் 12. ஆக, கிடைமட்டத் தூரம் 12 மீட்டர். சரிவுச் சதவீதம் காண இறக்கத்தை இந்தப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும், டேப் காட்டிய பதின்மூன்றால் அல்ல. 5-ஐ 12-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 42 சதவீதம். 33 சதவீதம் என்பது 18 டிகிரிதான். 45 டிகிரியே 100 சதவீதம் ஆகிவிடும்.

இந்தச் சரிவில் 3 மீட்டர் அகலத் தளம் கேட்டால், சுவரைச் செங்குத்தாக நிறுத்தினாலே 1.25 மீட்டர் உயரம். மண்சுவர் அப்படி நிற்காது. ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு அரை மீட்டர் சாய்த்தால் உயரம் 1.6 மீட்டரை நெருங்கும். வெட்டிய இடத்தில் மேல்மண் போய் அடிமண் வெளியே வரும். கேரட் பிடுங்கும்போது மண் வேறு பொலபொலத்துப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் பக்கம்தான் வலுத்துப் பெய்யும். 2009 நவம்பரில் நம் நீலகிரியிலேயே கேத்திப் பக்கம் மண் சரிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

அங்கே சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போகும் சம உயரக் கோட்டில் தேயிலை வையுங்கள். இல்லாவிட்டால் பிறைவடிவப் பாத்தி எடுத்து பேரி, பிளம்ஸ் நடுங்கள். இடையிடையே புல்வரிசை விடுங்கள்.

நிலம் முழுக்க ஒரே சரிவாக இருக்காது. 2 மீட்டர் நேர்ப்பலகையின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சமமாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரை வரை தூக்குக்குண்டு விட்டு அளந்து பாருங்கள். 66 செ.மீ. என்றால் 33 சதவீதம். 50 செ.மீ.க்குள், அதாவது 25 சதவீதத்துக்குள் வரும் துண்டு இருந்தால் கேரட்டை அங்கே போடுங்கள். தளத்தை உள்பக்கம் சாய்த்து, 3 மீட்டருக்கு 7 செ.மீ. போல இறக்கி, சுவரடி வாய்க்கால் வழியாகத் தண்ணீரைப் பக்கவாட்டில் வடியவிடுங்கள்.