டெனர் குரலும் கொயர் மாஸ்டர் வேலையும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில், அதாவது கொயரில், முப்பது வருஷம் டெனர் பாடினேன். கொயரில் நாலு பார்ட்: உச்சக் குரல் சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்ட்டோ, ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ். அந்த முப்பதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் கொயர் மாஸ்டராகக் குழுவை நடத்தியதும் நான்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நாசரேத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, டெனர் என்றால் ஆண்களில் உச்சத்தில் கத்துகிறவர்தானே?

அப்படி நினைத்துத்தான் கிறிஸ்துமஸ் வந்தால் பாதிப் பேர் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்கள். ‘பிடித்திரு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பழைய பலகுரல் பாட்டில் மூல மெட்டை நீட்டிப் பிடித்து நின்றது டெனர். மற்ற குரல்கள் அதைச் சுற்றி ஓடின. நம்ம கணக்கில், ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி சட்ஜத்திலிருந்து தார ஸ்தாயி தைவதம் வரை சுத்தமாக வந்தால் கொயருக்குப் போதும். மேடையில் தனியாகப் பாடுகிறவருக்கு அதற்கும் மேலே உள்ள சட்ஜம் வேண்டும்.

மெய்ஞ்ஞானபுரத்து அக்கா ஒருவர்: மகனுக்குப் பதின்மூன்று வயசு. சோப்ரானோ பாடினான், இப்போது குரல் உடைகிறது. நிறுத்திவிடலாமா?

மகரக்கட்டு, அக்கா. பாலர் நாடகக் கம்பெனிக் காலத்தில் இது வந்தால் பையனுக்குப் பாட்டு வேஷம் போச்சு. கொயரில் அந்தப் பயம் வேண்டாம். குரல்வளை வளர்கிறது, அவ்வளவுதான். சிரமமில்லாத நாலைந்து சுரங்களுக்குள் மெதுவாகப் பாடட்டும். டெனரா பேஸா என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். எனக்கு உடைந்தபோது மாஸ்டர் என்னை ஆர்கன் பக்கத்தில் தாள் புரட்ட நிறுத்தினார். நாலு பார்ட்டையும் ஒன்றாகப் பார்க்கப் பழகியது அங்கேதான்.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்: டெனராகவும் இசை நடத்துநராகவும் பேர் வாங்கியவர் உண்டா?

பீட்டர் ஷ்ரையர். 1935இல் ஜெர்மனியின் மைசென் ஊரில் பிறந்து, டிரெஸ்டனின் க்ராய்ட்ஸ்கோர் என்ற பையன்கள் குழுவில் ஆல்ட்டோ பாடி வளர்ந்தவர். குரல் உடைந்து டெனரானார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், மத்தேயு சுவிசேஷத்தில் வரும் இயேசுவின் பாடுகளுக்கு அமைத்த இசைப் படைப்பு ‘மத்தேயு பாடுகள்’. அதில் கதை சொல்லும் சுவிசேஷகர் பாகம் டெனருக்கு உரியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் கதையை இழுத்துக்கொண்டு போகவேண்டும். நம்ம பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனை முழுக்க ஒரே ஆள் வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள். ஷ்ரையர் அதைப் பாடிக்கொண்டே கொயரையும் ஆர்கெஸ்ட்ராவையும் நடத்தினார்! ஆப்பரா என்ற இசை நாடக மேடையை 2000இல் விட்டார், பாட்டை 2005இல் நிறுத்தினார், அதன் பிறகும் நடத்தினார். 2019இல் காலமானார்.

சாயர்புரம் தம்பி: இதில் சம்பளம் உண்டா?

கோயில் கொயரை நம்பி அடுப்பு எரியாது. பள்ளி இசை ஆசிரியர் வேலை, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசை கிரேடு தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என்று ஏதாவது கையில் இருக்கட்டும். முறையாகக் குரல் பயில சென்னையில் 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது.

டோனாவூரிலிருந்து ஐயா ஒருவர்: எங்கள் டெனர்கள் நாலாவது வரியில் சோப்ரானோ ராகத்துக்குத் தாவிவிடுகிறார்கள். என்ன செய்ய?

எல்லா ஊரிலும் இதே கதைதான், ஐயா. ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாவிட்டால் டோ ரே மி சோல்ஃபாவில் எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் வார்த்தையே வேண்டாம். அப்புறம் டெனரையும் பேஸையும் மட்டும் சேர்த்துப் பாட வையுங்கள். சோப்ரானோக்களைக் கடைசி அரை மணிக்கு வரச் சொன்னால் போதும். கோபித்துக்கொள்வார்கள், டீ வாங்கிக் கொடுங்கள்.