கண்ணைத் திருப்பும்போது வலி: நரம்பு இழுபடுகிறதா?

இழுபடத்தான் செய்யும், ஆனால் அதனால் நரம்பு பழுதாகாது. கிளிநொச்சி பஸ்ஸில் தினமும் பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து வலது கண் நரம்பு நைந்துவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். கண்குழிக்குள் பார்வை நரம்பு ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம். தேவைக்கு மேலான நீளம்தான். கிணற்றுக் கயிறு தொய்ந்து கிடப்பதுபோல் வளைந்து கிடக்கும். கண் திரும்பும்போது அந்தத் தொய்வு விரியும். மூக்குப் பக்கம் நன்றாகத் திருப்பினால்தான் இறுகும்.

எனக்குப் படுவது நரம்பு அழற்சி, அதாவது பார்வை நரம்பு வீங்கி நோவது. கண்ணை அசைக்கும் தசைகளில் சில, குழியின் ஆழத்தில் நரம்பின் உறையோடு ஒட்டித் தொடங்குகின்றன. உறை வீங்கியிருந்தால் ஒவ்வொரு அசைவும் வலிக்கும். சைனஸாலும் இப்படி வரலாம், வன்னிப் புழுதிக்குச் சொல்லவா வேண்டும்!

முற்றத்துச் செவ்வரத்தம்பூவை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். வலது கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், அல்லது பார்வை மங்கினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

சரி, நிறம் ஒன்றுபோலவே தெரிகிறதா? அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்ட முடியாது. வலி நிற்காவிட்டால் கண் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.