மலை ஏறும்போது ரேடியேட்டர் ஹோஸ் கழன்று வருகிறது. இரண்டு கிளிப் போட்டும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

கேட்டவர் பண்டாரவளைக்காரர். நண்பரோடு சேர்ந்து கிட் கார் (பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டும் கார்) ஒன்று கூட்டுகிறாராம். எஞ்சின் ஒரு ஜப்பான் வண்டியுடையது, ரேடியேட்டர் இன்னொன்றினுடையது, இரண்டையும் இணைப்பது நெளிநெளியான ஃப்ளெக்சிபிள் ஹோஸ். எல்ல ஊருக்கு இறங்கித் திரும்பி ஏறும்போதெல்லாம் மேல் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு போகிறதாம்.

தம்பி (வயது தெரியாது, என்னைவிட இளையவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்), இதற்கு ஏற்கெனவே ஒருவர் "ஃப்ளெக்சிபிள் ஹோஸே போடக்கூடாது, கழற்றி எறியுங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வளைவோடு வார்த்த ஒரிஜினல் ஹோஸ்தான் நல்லது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது எந்த வண்டிக்கு வார்த்ததோ அந்த வண்டிக்குத்தான் பொருந்தும். நம்முடையது எந்த வண்டி?

என்னுடையது மொரிஸ் மைனர். உடம்புதான் மொரிஸ், உள்ளே இருப்பது டட்சன் சனியின் ஏ12 எஞ்சின், 1171 சிசி. இதைக் கிட் கார் என்று சொல்லக்கூடாது என்று யாராவது வருவார்கள். சரி, வேண்டாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வாங்கல் வரி கட்டாமல் தப்ப, காரைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் பூட்டினார்கள். லோட்டஸ் செவன் 1957 முதல் அப்படித்தான் விற்றது. இங்கே இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது நமக்குக் கிடைத்ததைக் கூட்டிக்கொண்டோம். எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்திலும் மாற்றியாகிவிட்டது, அதைக் கேட்டு யாரும் வரவேண்டாம்.

மொரிஸ் ரேடியேட்டரின் வாயும் டட்சன் தெர்மோஸ்டாட் வாயும் (எஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் வெளியே வரும் இடம்) ஒரே அளவு இல்லை, நேருக்கு நேராகவும் இல்லை. நடுவில் ஓர் அலுமினியப் பைப் கடைந்து வாங்கினேன். லேத்தில் இருந்த பையனிடம் "நல்லா வழவழன்னு பினிஷ் பண்ணிக் குடு" என்று நானே கேட்டேன். கண்ணாடி மாதிரிக் கொடுத்தான். அதன் இரு பக்கமும் ஃப்ளெக்சிபிள் ஹோஸை மாட்டி, பக்கத்துக்கு இரண்டு கிளிப் வீதம் கை வலிக்க இறுக்கினேன். கம்பளை வரை போய் வந்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த வாரம் மாமியையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்காகப் புசல்லாவையிலிருந்து நுவரெலியாவுக்குக் கிளம்பினோம். இறம்பொடை தாண்டி முதல் கியரில் ஏறும்போது 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை. மாமி "கார் பத்திக்கிச்சு" என்று பட்டுச்சேலையோடு கதவைத் திறந்து குதித்துவிட்டார். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

மேலிருந்து இறங்கிய மரக்கறி லொறி ஒன்று நின்றது. லீக்ஸ் வாசத்தோடு ஒரு சிங்கள டிரைவர் இறங்கி வந்தார், பாதி தமிழ் பேசுவார். எனக்கு அவசரம், அவருக்கு இல்லை. சூடு ஆறட்டும் என்று அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு அந்த அலுமினியப் பைப்பின் நுனியில் பெருவிரலை வைத்து ஒரு சுற்று தடவினார். என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். "மல்லி (சிங்களத்தில் தம்பி), இதில உதடு இல்லத்தானே? என்னத்தைப் பிடிச்சு நிக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். கம்பெனிப் பைப் எதையும் தடவிப் பாருங்கள், நுனிக்குச் சற்று உள்ளே சுற்றிவர ஒரு சின்ன மேடு இருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏற வேண்டும். கிளிப் மேட்டுக்குப் பின்னால், ஹோஸின் ஓரத்திலிருந்து மூன்று நான்கு மில்லிமீற்றர் உள்ளே உட்கார வேண்டும். மேட்டின் தலையிலேயே கிளிப்பைப் போட்டால் அது ரப்பரை அறுக்கும், நழுவவும் செய்யும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பைப் 32 மில்லிமீற்றர் என்றால் அதன் வாய் சுமார் 8 சதுர சென்ரிமீற்றர். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று, அதாவது சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 0.9 கிலோ அழுத்தம் என்று போட்டிருந்தால், அழுத்தம் ஏறியபின் ஹோஸை ஏழு கிலோ கனம் வெளியே தள்ளுகிறது. நெளிவு ஹோஸ் ஆர்மோனியத் துருத்தி மாதிரித் தானும் நீளப் பார்க்கும். முதல் கியரில் எஞ்சின் வேறு மவுண்டில் ஆடி ஆடி இழுக்கிறது. வழவழப்பான பைப்பில் நாலு கிளிப் போட்டாலும் அது ஒருநாள் வழுக்கத்தான் செய்யும்.

அன்றைக்கு அவர் செய்து கொடுத்தது: ஹோஸைத் திரும்ப ஏற்றி, கிளிப்பிலிருந்து தெர்மோஸ்டாட் உறையின் போல்ட்டுக்குக் கட்டுக்கம்பியால் ஓர் இழுவை. மூடியை முழுக்கப் பூட்டாமல் முதல் பூட்டிலேயே விட்டார். அழுத்தம் ஏறாது, ஹோஸும் தள்ளாது. ஆனால் அழுத்தம் இல்லாவிட்டால் நுவரெலியா உயரத்தில், அதாவது 1868 மீற்றரில், தண்ணீர் 94 பாகை செல்சியஸுக்குள்ளேயே கொதித்துவிடும். லபுக்கலைக்குள் மட்டும் நான்கு தடவை நின்று ஆற வைத்து ஆற வைத்துத்தான் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

இப்போது உங்கள் வண்டி. ஹோஸ் நீளம் அதிகம் என்று நெளிவுப் பகுதியில் அறுத்தீர்களா? நிச்சயம் அறுத்திருப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். கிளிப் பிடிப்பதற்கென்று அதன் இரு முனையிலும் நெளிவில்லாத மட்டமான பகுதி விட்டிருப்பார்கள். அதை வெட்டிவிட்டு நெளிவின் மேல் கிளிப் போட்டால் பள்ளத்தின் வழியே ஒழுகும். சரியான நீளத்தில் வேறொன்று வாங்குங்கள்.

பைப்பில் மேடு இல்லையென்றால் மேடு வையுங்கள். நான் அலுமினியத்தை எறிந்துவிட்டுச் செம்புப் பைப் போட்டேன். நுனிக்குப் பக்கத்தில் இரண்டு மில்லிமீற்றர் செம்புக் கம்பியை ஒரு வளையமாகச் சுற்றிப் பற்றவைத்து, கூரெல்லாம் அரத்தால் ராவினேன். ஹோஸ் ஏற மறுத்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும். கிரீஸோ எஞ்சின் ஒயிலோ பூசாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் திருகுவதைவிடச் சின்ன சொக்கட்டால் அளவாக இறுக்குங்கள், ரப்பர் கிளிப்பின் வெட்டு வழியே பிதுங்கினால் அது அதிகம். இரண்டு தடவை சூடேறி ஆறியபின் இன்னொரு முறை பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இரண்டு வாய்க்கும் நடுவில் நீண்ட தூரம் இருந்தால் முழுவதையும் ஹோஸால் நிரப்ப வேண்டாம். நடுவில் உலோகப் பைப், அதை ரப்பர் போட்ட கிளிப்பால் சேஸிஸில் பிடியுங்கள். இரு முனையில் மட்டும் குட்டை ஹோஸ், எஞ்சின் ஆட இடம் விட்டு.

இவ்வளவும் செய்தும் கழன்றால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சின் உடம்புக்கும் அதன் தலைக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகப்படுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி ஆகிவிட்டால், தள்ளுவது சூடு இல்லை, சிலிண்டரிலிருந்து வரும் காற்று. மூடியையும் பாருங்கள். பழைய ரேடியேட்டரில் யாரோ 1.1 மூடி போட்டு வைத்திருப்பார்கள்.

வார்த்த ஹோஸுக்கும் ஒரு வழி உண்டு. உடுப்புத் தொங்கவிடும் கம்பியை எடுத்து இரண்டு வாய்க்கும் நடுவிலுள்ள வளைவைப் போல வளைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் அதை நீட்டினால் "எந்த வண்டிக்கு?" என்பார்கள், சிரிப்பார்கள், ஆனால் தேடிப் பார்த்து எதையாவது எடுத்துத் தருவார்கள்.

நான் ஏன் ஒன்லைனில் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்கினேன். தோட்டத்து முகவரி, லயனுக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) நம்பர் கிடையாது. கூரியர் பையன் போன் எடுத்து "மெயின் ரோட்டுக்கு வாங்க" என்றான். மூன்று கிலோமீற்றர் நடந்து இறங்குவதற்குள் "முகவரி சரியில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசு திரும்பி வர ஒரு மாதம். என் மகளின் நேர்முகத் தேர்வுக் கடிதமும் இப்படித்தான் தோட்ட ஆபிசில் கிடந்து, தேதி முடிந்தபிறகு கைக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு நம்பர் போட என்ன செலவாகிவிடும்? நாலு தலைமுறையாக அதே இடத்தில்தான் இருக்கிறோம். இதை இங்கே எழுதுவதில் அர்த்தம் இல்லைதான், ஹோஸ் என்றாலே எனக்கு இது ஞாபகம் வந்துவிடுகிறது.

ஹோஸைக் கழற்றிவிட்டு எஞ்சின் பக்கத்துப் பைப்பின் நுனியைப் படம் எடுத்துப் போடுங்கள். வண்டி ஆறியபிறகு.