அந்த மூன்று ராத்திரி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 54 வயது. காங்கேயத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 81. ஒன்றரை வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாகக் கிடந்தவரை நான்தான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

அண்ணன் கோயமுத்தூரில் இருக்கிறார். தோட்டம் முழுக்க அவருக்குத்தான். அப்பா இறந்ததும் சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள், ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். இப்போது மாதம் ஒருதரம் நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருவார். கட்டிலோரம் கால்மணி நேரம் உட்காருவார், கிளம்பிவிடுவார். நங்கை, அதாவது அண்ணன் மனைவி, வாசப்படியோடு சரி.

முதல் ஒரு வருடம் நான் ஒருத்தியே பார்த்தேன். இடுப்பு டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஏஜென்சிக்குப் போனோம். வீட்டிலேயே தங்கிப் பார்க்க மாதம் 24,000, சாப்பாடு நம்முடையது. முதலில் வந்தவள் இருபது நாளில் போய்விட்டாள். அடுத்தவள் பொங்கல் நோம்பிக்குப் போனவள் திரும்பவே இல்லை. இப்போது இருப்பது அந்தியூர்ப் பக்கத்துப் பெண், நாலு மாதமாக இருக்கிறாள்.

இவளோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலரைக்குத்தான் எழுந்திருக்கிறாள். 24 மணி நேரத்துக்கு என்று காசு வாங்கிவிட்டுப் பகலில் என்ன தூக்கம்? ராத்திரியில் அவள் போன் இரண்டு மணிக்கு ஒருதரம் அலாரம் அடித்து வீட்டையே எழுப்புகிறது. அம்மா சாப்பிட்டதும் படுக்கணும் என்று முனகினாலும் அரைமணி நேரம் சாய்த்தே உட்கார வைக்கிறாள். என் கணவர் இருக்கும்போதே, "அக்கா, அம்மிச்சியக் கையப் புடிச்சுத் தூக்காதீங்க" என்று எனக்கே சொல்லித் தருகிறாள். பெற்ற மகளுக்குத் தெரியாதா?

ஊரிலிருந்து வரும் ஒரம்பரைகள் வேறு. "பெத்த பொண்ணு இருந்தும் கூலிக்கு ஆள் வெச்சுட்டீங்களாக்கும்" என்று ஒரு பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார். அண்ணனை யாரும் கேட்பதில்லை.

போன வாரம் இந்தப் பெண் அம்மாவின் ஜாக்கெட்டைக் கழற்றும்போது இடது மேல்கையின் உள்பக்கம் நீலமாக ரத்தம் கட்டியிருப்பதைக் காட்டி, "இது எப்படியாச்சுங்க அக்கா?" என்று கேட்டாள். கட்டில் கம்பியில் இடித்திருக்கும் என்றேன். அதற்கு முன் மூன்று நாள் அவள் லீவு, ஏஜென்சி மாற்று ஆளும் அனுப்பவில்லை, மூன்று ராத்திரியும் நான்தான். அம்மா இரண்டு மணிக்கெல்லாம் "கண்ணு, கண்ணு" என்று விடாமல் கூப்பிடுகிறார், மாற்றிய துணியை உடனே நனைக்கிறார், சில சமயம் வேண்டுமென்றே செய்வது போல இருக்கிறது. அதை விடுங்கள். அவள் கேட்ட விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் அந்த மூன்று நாளும் போனைக்கூட எடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வேறு ஏஜென்சிக்கு மாறலாமா, இல்லை, ஆளே வேண்டாம் என்று நானே பார்த்துக்கொள்ளட்டுமா? அந்நியர் கையில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம், காங்கேயம்

*

அன்புச் சகோதரிக்கு,

அண்ணனைப் பற்றியும் பெரியம்மாவைப் பற்றியும் நீங்கள் எழுதியது நியாயம்தான். ஆனால் "அதை விடுங்கள்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

கட்டில் கம்பியில் இடித்தால் பெரும்பாலும் கையின் வெளிப்பக்கம்தான் கன்றும். மேல்கையின் உள்பக்கம், ஒருவரைப் பிடித்துத் தூக்கும்போது விரல்கள் அழுந்துகிற இடம். அந்தப் பெண் அதைப் பார்த்ததும் கேட்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும். உங்களுக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் அவள் கேட்ட விதம் பிடிக்காமல் போயிற்று.

81 வயதில் தோல் காகிதம் போல மெலிந்துவிடும். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் கொடுப்பார்கள். அவற்றைச் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணமாகப் பிடித்தாலே ரத்தம் கட்டும். அதனால் அந்த நீலத்தை மட்டும் வைத்து நீங்கள் அம்மாவை முரட்டுத்தனமாக நடத்தினீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எவ்வளவு அழுத்திப் பிடித்தீர்கள், என்ன சொல்லிக்கொண்டு பிடித்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கோபத்தில் பிடித்திருந்தால் அது தவறு. அண்ணன் செய்ததையெல்லாம் அடுக்கினாலும் அது சரியாகிவிடாது. மறைத்தது இன்னொரு தவறு. இதில் அம்மாவின் உடம்பு சம்பந்தப்பட்டிருப்பதால் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடும். கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு இறங்கிவிடும், அதன்பின் ஒவ்வொரு முறை ஜாக்கெட் மாற்றும்போதும் வலிக்கும். தோள் எலும்புக்குக் கீழே விரல் வைத்தால் பள்ளம் தட்டுகிறதா, கையை அசைத்தால் முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, "நான் கையைப் பிடித்து இழுத்தேன்" என்று சொல்லுங்கள். கம்பிக் கதையைச் சொன்னால் அவர் தோளைப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

அந்தப் பெண் "கையப் புடிச்சுத் தூக்காதீங்க" என்றது இதற்காகத்தான். பழைய போர்வை ஒன்றை மடித்து, தோள்பட்டையிலிருந்து தொடை வரை அடியில் விரித்து, அந்தத் துணியைப் பிடித்துத்தான் புரட்ட வேண்டும். அவளிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்க் நகர்ந்த இடுப்புக்கும் அதுதான் நல்லது. பெற்ற மகள் என்பதால் இது தெரிந்துவிடாது, சகோதரி. இது பாசத்தில் வருவதில்லை, பழகித்தான் வர வேண்டும்.

அவளுடைய மத்தியானத் தூக்கத்தைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணிக்கு ஒருதரம் அடிக்கும் அலாரத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து என்று எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இடுப்பெலும்பும் குதிகாலும் படுக்கையில் அழுந்திக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது, முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும். காற்று மெத்தை போட்டாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது. நாலு மாதம் ஆகியும் படுக்கைப் புண் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அந்த இரண்டரை மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் அவளுக்கும் ஒருநாள் மூன்றாவது ராத்திரி வரும். உங்களுக்கு வந்ததே, அதே ராத்திரி.

"அந்நியர் கையில் ஏதாவது ஆகிவிடுமோ" என்று முடித்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான பயம் உங்கள் கையைப் பற்றியது என்றுதான் நான் படிக்கிறேன். அந்த மூன்று ராத்திரியில் உங்களுக்கே தெரியாத ஒருத்தியைப் பார்த்துவிட்டீர்கள். அவளை இன்னொருத்தியும் பார்த்துவிட்டாளோ என்ற கூச்சத்தில், பார்த்தவளை அனுப்பிவிடத் தோன்றுகிறது. உடம்பில் ஒரு கன்றலைக் கண்டதும் வீட்டுக்காரரிடமே கேட்கிற துணிச்சல் உள்ள ஆள் எளிதில் கிடைக்கமாட்டாள். அவளை மாற்றாதீர்கள். ஆளே வேண்டாம் என்று நிறுத்திவிட்டால் எல்லா ராத்திரியும் அந்த மூன்று ராத்திரியாகிவிடும்.

அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அன்னைக்கு நான்தான் கண்ணு, அவசரத்துல புடிச்சுட்டேன்" என்றால் போதும். அம்மாவிடமும் சொல்லுங்கள். அவருக்கு எவ்வளவு புரியும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம்.

அம்மா வேண்டுமென்றே நனைக்கவில்லை. இரவில் திடீரென்று கூப்பாடும் குழப்பமும் கூடினால் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே வயதானவர்களை இப்படி ஆக்கும். டாக்டரிடம் போகும்போது இதையும் கேளுங்கள். தூங்கட்டும் என்று நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

இனி ஒருமுறை கோபம் தலைக்கேறினால், அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு, ஐந்து நிமிடம் வெளித் திண்ணையில் போய் உட்காருங்கள். ஈரத்துணி ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் எதுவும் ஆகாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு இரண்டு மணிக்கும் பேச ஆள் இருப்பார்கள்.

அண்ணனைப் பற்றி ஒன்று. பெற்றோரைப் பராமரிக்கும் 2007 சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பொறுப்புதான், தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் இன்று அதற்கு நீங்கள் தயாராக இல்லை என்று நினைக்கிறேன். அவர் பாசத்தோடு வந்து உட்கார வேண்டும் என்று காத்திருந்ததில் ஒன்றரை வருடம் போய்விட்டது. அவர் மேல் இருந்த கோபமும் சேர்ந்துதான் அந்த ராத்திரி அம்மாவின் கையில் இறங்கியதோ என்னவோ. அவரிடம் பாசத்தைக் கேட்க வேண்டாம், செலவைக் கேளுங்கள்: இந்தப் பெண் லீவு போகும் நாட்களுக்கு மாற்று ஆளின் சம்பளம். அதையும் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்.

ஏஜென்சியிடம் லீவு நாளில் மாற்று ஆள் அனுப்புவதாக எழுதி வாங்குங்கள். வருகிறவர் ஒருநாள் முன்னதாகவே வந்து, இவள் அம்மாவைப் புரட்டுவதையும் ஊட்டுவதையும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும், வலி தணித்துப் பராமரிக்கும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பெரியம்மா அடுத்தமுறை வந்தால், ராத்திரி ஒருமணி அலாரத்துக்கு எழுந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த லீவு எந்தத் தேதியில் என்று இன்றைக்கே அவளிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.