சிற்றூருக்கு மேயர் உண்டு, மாவட்டத்துக்குத் தேர்தல் இல்லை

கேள்வி: ஆஸ்திரியாவின் க்முண்டன் மாவட்டத்தில் உள்ள ஹால்ஸ்டாட்டில் எண்ணூறு பேர்கூட இல்லை; ஆனாலும் அதற்குத் தனி மேயர் இருக்கிறார் என்று படித்தேன். அவருக்கு மேலே மாவட்ட மன்றம் ஏதும் உண்டா? இவ்வளவு சிறிய ஊரைப் பக்கத்து ஊரோடு ஏன் இணைக்கவில்லை? (ஒரு வாசகி)

பதில்: மாவட்ட மன்றம் அங்கே கிடையாது. பெட்சிர்க் எனப்படும் ஆஸ்திரிய மாவட்டம் 1868இல் பேரரசுக் காலத்தில் வகுக்கப்பட்ட நிர்வாக எல்லை. அதன் தலைமை அதிகாரியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசே நியமிக்கிறது. கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம், வேட்டை, நீர் உரிமை, குழந்தைகள் நலன் ஆகியவை அவருடைய அலுவலகத்தின் பொறுப்புகள். வியன்னாவின் 23 மாவட்டங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை ஒரே நகரத்தின் உட்பிரிவுகள், அவற்றுக்கு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் உண்டு.

மக்களாட்சி உண்மையில் வேர்விட்டிருப்பது கெமைன்டே என்னும் உள்ளாட்சியில்தான். மேல் ஆஸ்திரிய மாநிலத்தைச் சேர்ந்த க்முண்டன் மாவட்டத்தில் இவை 20 உள்ளன. அவற்றுள் க்முண்டன், பாட் இஷ்ல், லாக்கிர்ஹன் ஆகிய மூன்றும் நகரம் என்ற பட்டம் பெற்றவை. ஹால்ஸ்டாட் 1311இலேயே சந்தை உரிமை பெற்றதால் சந்தையூர் எனப்படுகிறது. ஆனால் இவை பெருமைக்குரிய பட்டங்களே தவிர, அதிகாரத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. மாவட்டத் தலைநகரான க்முண்டனைவிட மக்கள்தொகை மிகுந்த பாட் இஷ்லுக்கு உள்ள அதே கடமைகள்தாம், அதாவது கட்டட அனுமதி, நிலப் பயன்பாட்டுத் திட்டம், குடிநீர், கழிவுநீர், மழலையர் பள்ளி, தீயணைப்பு எல்லாம், மலைக்கும் ஏரிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஹால்ஸ்டாட்டுக்கும் உண்டு. ஆறாண்டுக்கு ஒருமுறை மன்றத்தையும் மேயரையும் மக்கள் ஒரே நாளில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இணைப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அண்டை மாநிலமான ஸ்டைரியா அதைச் செய்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டிருந்த உள்ளாட்சிகளை 2015இல் 287ஆகக் குறைத்தது. அங்குள்ள லீட்சன் மாவட்டத்தில் மட்டும் 51 என்ற எண்ணிக்கை 29 ஆயிற்று. செலவைக் குறைப்பதற்கு அது ஒரு வழி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹால்ஸ்டாட் போன்ற ஊருக்கு அது பொருந்தாது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பின் நடுவில் இருக்கும் அவ்வூருக்கு, அங்கு வாழ்பவர்களைப் போலப் பல மடங்கு பயணிகள் ஒரே நாளில் வந்துவிடுகிறார்கள். அதனால்தான் சுற்றுலாப் பேருந்துகள் முன்பதிவு செய்த நேரத்தில் மட்டுமே வரலாம் என்னும் கட்டுப்பாடு அங்கே வந்தது. எத்தனை பேருந்து வந்தால் தம் தெரு தாங்கும் என்பதை அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் அல்லவா அறிவார்கள்? பெரிய ஊரோடு சேர்த்துவிட்டால், மன்றத்தில் அவர்களுக்கு ஓரிரு இடங்களே மிஞ்சும்.