டியூபுலினில் மருந்து தேடுவோர் கேட்டவை

டியூபுலின் செல்லின் நுண்குழாய்களைக் கட்டும் புரதம்; ஆல்ஃபா, பீட்டா என்ற இரு சங்கிலிகள் சேர்ந்தது. அதன் ஒரு குழியில் கோல்சிசின் என்ற தாவர நஞ்சு உட்காருகிறது. ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படி உட்காரும் என்று கணினியில் கணிப்பதுதான் டாக்கிங்.

திருப்பத்தூர் மாணவி: 4ஓ2பி கட்டமைப்பில் (டியூபுலினும் கோல்சிசினும் சேர்ந்த படிகத்தின் கோப்பு) கோல்சிசினையே திரும்ப டாக்கிங் செய்தால் படிகத்தில் இருந்த இடத்துக்கு வரவில்லை. ஆர்எம்எஸ்டி (படிக இடத்திலிருந்து அணுக்கள் விலகிய சராசரி அளவு) 5 ஆங்ஸ்ட்ராம். ஏன்?

முதலில் சங்கிலிகளைப் பாருங்கள். குழி ஆல்ஃபாவும் பீட்டாவும் சேரும் இடத்தில் இருக்கிறது. பீட்டாவை மட்டும் எடுத்தால் ஒரு பக்கச் சுவரே இருக்காது. ஏ (ஆல்ஃபா), பி (பீட்டா) இரண்டும் வேண்டும்; படிகத்தில் உடனிருக்கும் ஸ்டாத்மின், டிடிஎல் என்ற வேறு புரதங்களை நீக்கலாம். தண்ணீரை அகற்றும்போது ஏ சங்கிலியின் குவானோசின் ட்ரைபாஸ்பேட்டும் மக்னீசியமும் சேர்ந்து போய்விடாமல் பாருங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. கோல்சிசினின் இரு வளையங்களை இணைக்கும் பிணைப்பு ஏழு அணு வளையத்துக்குள் இருப்பதால் டாக்கிங் மென்பொருளான ஆட்டோடாக் வினா அதைச் சுழற்றாது. ஸ்மைல்ஸிலிருந்து (மூலக்கூறை எழுத்துகளால் குறிக்கும் முறை) உருவாக்கிய வடிவம் எதிர்ப்பக்கம் முறுக்கியிருந்தால் கடைசிவரை அப்படியேதான் இருக்கும். படிகத்தில் எல்ஓசி என்ற பெயரில் இருக்கும் கோல்சிசினோடு மேலே வைத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் வடிவத்தை மறுபடி உருவாக்குங்கள். தேடும் பெட்டி பக்கத்துக்கு 22 ஆங்ஸ்ட்ராம், எக்ஸாஸ்டிவ்னஸ் (தேடலின் தீவிரம்) 32 போதும். ஆர்எம்எஸ்டி 2-க்குள் வராமல் புதிய மூலக்கூறுகளைத் தொடவே வேண்டாம்.

காரைக்குடி ஆய்வாளர்: பீட்டாவின் ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு கட்டுரையில் சிஸ்டீன் 239, இன்னொன்றில் 241. எது சரி?

இரண்டும் ஒரே சிஸ்டீன்தான். கட்டமைப்புக் கோப்புகள் பலவற்றில் பீட்டாவை ஆல்ஃபாவோடு வரிசைப்படுத்தி எண் இட்டிருப்பார்கள்; 44-க்குப் பிறகு இரண்டு எண்கள் தாவும், 360-க்குப் பிறகு இன்னும் எட்டு. எந்த எண்முறை என்று கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

தேவகோட்டை வாசகர்: வினா தந்த ஸ்கோர் (எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு) என் மூலக்கூறுக்கு -9.6, கோல்சிசினுக்கு -8.9. என்னுடையது சிறந்தது என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. வினாவின் திட்டப்பிழையே ஏறக்குறைய 2.85 கிலோகலோரி. அறை வெப்பத்தில் 1.4 கிலோகலோரி என்பது பிணைப்பில் பத்து மடங்கு வித்தியாசம், உங்கள் 0.7 அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆயிரம் மூலக்கூறுகளை வடிகட்ட ஸ்கோர் உதவும், இரண்டை ஒப்பிட உதவாது. டியூபுலின் நுண்குழாயாகச் சேர்வதை மூலக்கூறு தடுக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் பாலிமரைசேஷன் சோதனைதான் பதில் சொல்லும்.

கானாடுகாத்தான் வாசகர்: வேலியில் படரும் கண்வலிக்கிழங்கிலேயே கோல்சிசின் இருக்கிறதே, புற்றுநோய்க்கு அதையே கொடுத்தால் என்ன?

நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டின் டியூபுலினைப் பிடித்தே புற்றுநோய் மருந்தானது. கோல்சிசினால் அது முடியவில்லை. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கவுட் வாதத்துக்கு மிகச் சிறு அளவில் மட்டும் தருகிறார்கள். அதே குழியில் பாதுகாப்பாக உட்காரும் மூலக்கூறைத் தேடுவது அதனால்தான். கிழங்கை மருந்தென்று யாரும் தின்ன வேண்டாம். தின்றவருக்கு வாந்தியும் பேதியும் தொடங்கச் சில மணி நேரம் ஆகும். அதற்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மிச்சக் கிழங்கையும் எடுத்துச் செல்லுங்கள்.