நான்கு விநாடி மௌனம்

அன்புள்ள அக்கா,

உளவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு கோவையில் ஒரு பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். அமெரிக்காவில் கவுன்சலிங் சைக்காலஜியில் பிஎச்.டி. செய்ய விண்ணப்பிக்கப்போகிறேன். அங்கே க்ளையன்ட்டோடு பேசுவதைப் பதிவு செய்து மேற்பார்வையாளருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாமே? நம்மை நம்பி வருகிறவருக்கு அது துரோகம் இல்லையா? முனைவர் பட்டம் என்றால் ஆய்வேடு எழுதுவதுதானே? நீங்கள் அங்கே படித்தவர் என்பதால் கேட்கிறேன்.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

ஆய்வேட்டிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் பிஎச்.டி. என்றால் ஆய்வேடுதான். அங்கே இந்தத் துறையில் அது தொழில் உரிமத்துக்கான பயிற்சியும்கூட. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வேலையும் வாழ்க்கையும் புதிதாகத் தேவைப்பட்டன. அந்தச் சூழலில், 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வும் சிகிச்சையும் ஒருசேரக் கற்க வேண்டும் என்றது. 1951இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் கவுன்சலிங் சைக்காலஜிக்கும் முனைவர் பயிற்சி வகுக்கப்பட்டது. அதனால்தான் வகுப்பு, ஆய்வேடு, மேற்பார்வையோடு க்ளையன்ட்டைச் சந்தித்துப் பழகும் பிராக்டிகம் போக, கடைசியில் ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப். வழக்கமாக 2000 மணி நேரம்.

இனி, பதிவு. க்ளையன்ட்டிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குவார்கள். யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுவார்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்திலேயே சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து, ஒரு முழு சிகிச்சையையும் வார்த்தைக்கு வார்த்தை 1942இல் அச்சிட்டார். அதுவரை சிகிச்சை அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் சிகிச்சையாளரின் ஞாபகம்தான் சாட்சி.

அந்த ஞாபகம் எப்படிப்பட்டது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் செமஸ்டரில் என் முன்னால் இருந்தவர் யார், என்ன துயரம் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவர் பேச்சை நிறுத்தினார். நான் உடனே ஆறுதல் சொன்னேன். “இதமாகப் பேசினேன்” என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். மேற்பார்வையாளர் அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, “அவர் அழ வந்தார், நீ விடவில்லை” என்றார். திரும்பப் போட்டு, அந்த மௌனத்தை எண்ணிப் பார்த்தேன். நான்கு விநாடி. அதைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பதிவு இல்லாதிருந்தால் இன்றும் எல்லோரையும் அழ விடாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பேன். என் கணக்கில் அதுதான் துரோகம்.

நீங்கள் இப்போது பள்ளியில் பிள்ளைகளோடு பேசுவதை யாராவது கேட்டு, திருத்திச் சொல்கிறார்களா? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கிறது. மேற்பார்வையில் செய்யும் பயிற்சியும் அந்த வரையறைக்குள் வருகிறது. கவுன்சிலருக்கு அப்படித் தனி வரையறை அதில் இல்லை. பள்ளிகளில் தனியாக விடப்படும் உங்களைப் போன்றவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விண்ணப்பிக்கும் துறைகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனி மேற்பார்வை? மேற்பார்வையாளர் பதிவைக் கேட்பாரா, நீங்கள் சொல்வதை மட்டும் கேட்பாரா? அங்கே படித்த வெளிநாட்டு மாணவர்களுக்கு எங்கே இன்டர்ன்ஷிப் கிடைத்தது? மாணவரும் இன்டர்ன்ஷிப் மையங்களும் தரும் தரவரிசையைப் பொருத்தி, கணினிதான் இடம் ஒதுக்கும். எந்த ஊர் வரும் என்று சொல்ல முடியாது. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் பெரிய பயிற்சிக்களம். ஆனால் குடியுரிமை இல்லாதவர்களை அங்கே எடுப்பதில்லை. எனக்கு இது நான்காம் ஆண்டில்தான் தெரியவந்தது. நீங்கள் இப்போதே கேட்டுவிடுங்கள்.